எலுமிச்சைக் கூடை

கயிறு அறுந்தது தன் தப்பில்லை என்று பழம் விற்கும் மஹ்ரூஸ் படகில் நின்றபடியே சத்தியம் செய்தான்.

கப்பலின் மேல்தட்டிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி எலுமிச்சம்பழம் கேட்டாள். சூயஸ் கால்வாயின் வாசலான போர்ட் சையத் துறைமுகத்து வழக்கப்படி, முதலில் காசுதான் கயிற்றில் கட்டிய கூடையில் இறங்கியது. அதை எடுத்துக்கொண்டு பழத்தை அள்ளிப் போடுவதற்குள் கப்பல் கால்வாய்க்குள் நகர ஆரம்பித்துவிட்டது. கயிறு பட்டென்று அறுந்தது. கூடை மஹ்ரூஸ் கையிலேயே நின்றுவிட்டது.

மேலே அவள் குமட்டலை அடக்கிக்கொண்டு கையை நீட்டியபடியே போனாள்.

"இன்னிக்கு யார் முகத்துல முழிச்சேனோ, காசும் மிச்சம், பழமும் மிச்சம்!" மஹ்ரூஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பக்கத்துப் படகில் ரொட்டி விற்கும் பயூமி கை நீட்டினான்.

"அந்தப் பழத்தை எங்கிட்ட குடு."

"எதுக்கு?"

"அந்தம்மா காசு குடுத்தாச்சுல்ல? இனிமே அது உன் பழம் இல்ல."

"அப்போ உன் பழமா? கேட்டீங்களாப்பா கூத்தை! ஓசிப் பழத்துக்கு நியாயம் பேசுறான்!"

சுற்றியிருந்த படகெல்லாம் சிரித்தது. பயூமி நீட்டிய கையை மடக்கவில்லை.

மஹ்ரூஸ் திரும்பி நின்று, அடியில் அழுகலைப் போட்டு, மேலே நாலு நல்ல பழத்தை வைத்துக் கூடையைக் கொடுத்தான்.

"கொண்டு போய் ஊறுகாய் போட்டுத் தின்னு, போ!"

பாதி ரொட்டி விற்காமல் கிடக்க, பயூமி அவசரமாகக் கரைக்குத் துடுப்புப் போட்டான்.

"அலையுறான் பாரு," என்றான் மஹ்ரூஸ்.

மறுநாள் காலை பயூமி சாப்பாட்டுக் கடைக்கு வந்தபோது தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

"என்னடா, ஊறுகாய் ஊறிடுச்சா?" என்றான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த மஹ்ரூஸ்.

பயூமி ரொட்டியைப் பிட்டு மொச்சைக் கூட்டில் தோய்த்தான்.

"சூயஸ் போயிருந்தேன்."

"சூயஸா? எதுக்கு?"

"கப்பல் கால்வாயைத் தாண்டி அங்கதானே வரணும்? அதுக்கு முன்னாடி பஸ்ல போய்ட்டேன். என் மச்சான் படகுல ஏறி, அந்தம்மாகிட்ட கூடையை ஏத்தி விட்டுட்டேன்."

மஹ்ரூஸ் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். கூடையின் அடியில் இருந்தது ஞாபகம் வந்தது.

"கவலைப்படாதே. அழுகினதையெல்லாம் சூயஸ் சந்தையில மாத்திட்டேன்."

"அந்தம்மா... என்ன சொன்னாங்க?"

"ஒரு பழத்தைக் கீறி மோந்து பாத்துட்டு அழுதுட்டாங்க. இவ்வளவு நல்ல மனுஷன் பேர் என்ன, தினம் பிரார்த்தனையில சொல்லணும்னு கேட்டாங்க."

பயூமி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"காசு வாங்கினது நீதானே? உன் பேரைத்தான் சொன்னேன்."