சிப் முந்தி, ஊசி பிந்தி

விமான நிலையத்துக் கூண்டில் மஞ்சரி என்கிற பூனை காத்திருந்தது. அதை வளர்த்த குடும்பம் வெளிநாட்டில் குடியேறப் போகிறது. அந்த வீட்டுப் பாப்பாவின் காலடியில் படுத்தால்தான் மஞ்சரிக்குத் தூக்கம் வரும்.

கடமையில் மயிரிழையும் பிசகாத மோப்ப நாய் மஞ்சரியின் பயணத் தாள்களை முகர்ந்தது.

"வெறிநோய் ஊசி போட்ட பிறகு கழுத்தில் அடையாளச் சிப் வைத்திருக்கிறார்கள். சிப் இல்லாதபோது ஊசி போட்டுக்கொண்டது நீதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

"கத்தினது நான்தானே ஐயா! இன்னும் தொடை வலிக்குது."

"தொடையின் சாட்சி செல்லாது. மறுபடி ஊசி போட்டு, ரத்தம் சோதித்து, அப்புறம் வா."

பக்கத்து வண்டியில் குடும்பத்தின் பெட்டிகள் இருந்தன. ஒன்றின் ஜிப் இடுக்கிலிருந்து வீட்டுப் பல்லி தலை நீட்டியது.

"அழாதீங்க அக்கா, பாப்பாவை நான் பார்த்துக்கறேன்."

"உனக்கு ஊசி, சிப் எல்லாம்?"

"என்னை யாரு அக்கா வளர்த்தாங்க, அதெல்லாம் கேக்க?"

நாய் பாய்ந்தது. பல்லி வாலை உதறிவிட்டு உள்ளே நழுவியது. வண்டி பெட்டிகளோடு விமானத்துக்கு ஓடியது. துடிக்கும் வாலை நாய் ஒரு குப்பியில் போட்டு மூடி, மஞ்சரியின் அருகே வைத்தது.

"பல்லியைப் பிடிச்சாச்சா ஐயா?" என்றது மஞ்சரி. வெளியே விமானம் கிளம்பும் சத்தம் கேட்டது.

"என் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? இனி எல்லாம் முறைப்படி. முதலில் சிப், பிறகுதான் ஊசி" என்ற நாய், வாலில் கழுத்து எங்கே இருக்கிறது என்று குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.