நம்பர் இல்லாத ஹெலிகாப்டர்

"பொய்யி! வாயத் தெறந்தாலே பொய்யி!" நெடுமாறன் கத்தியது ஏரிக்கரை வரைக்கும் கேட்டது.

"நீயா பாத்த? நான் பாத்தேன்டா!" சிவசங்கரும் விடுகிற மாதிரி இல்லை.

வற்றிப்போன ஏரியின் நடுவில், ரெண்டு பேருக்கும் இடையில், ஒரு கோணிச் சாக்கின் மேல் அது உட்கார்ந்திருந்தது. முழங்கை நீளம்தான். சிவசங்கர் மிக்ஸி ரிப்பேர் கடையை மூடிவிட்டு வந்து, எட்டு மாதம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, சின்ன வயசில் பார்த்ததாகச் சொல்வதைப் போலவே செய்த மாடல் ஹெலிகாப்டர்.

தலையில் ரெண்டு விசிறி, ஒன்றின் மேல் ஒன்று. வாலில் விசிறியே கிடையாது.

செஞ்சியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடல் விமானம் விடுகிற கிறுக்கு ரெண்டே பேருக்குத்தான். மற்ற நாளெல்லாம் உயிருக்கு உயிரான சிநேகிதர்கள்.

"ரெட்ட விசிறி ஹெலிகாப்டர் அப்ப நேவில இருந்துச்சு, ஒத்துக்கறேன்." நெடுமாறன் மடக்கினான். " கடல் மேல பறக்கறது வல்லத்துல மல்லாட்டைக் கொல்லைல எதுக்குடா வந்து எறங்குது? அதுவும் பெயின்ட் இல்லாம, நம்பர் இல்லாம?"

"புதுசா செஞ்சி ஓட்டிப் பாத்துருப்பாங்க. பட்டாளத்துக்காரன் உன்னக் கேட்டுக்கினா செய்வான்?"

"அன்னிக்கு நீ காய்ச்சல்ல கெடந்தேன்னு நீயேதான சொன்ன? கனவுடா அது. ஒம்போது வயசுக் கனவு."

 அடி சரியான இடத்தில் விழுந்துவிட்டது.

கொஞ்ச வருஷமாக சிவசங்கருக்கே அந்தப் பயம் இருந்தது. எண்பத்தேழாம் வருஷம், வல்லத்தில் அவர்கள் வேர்க்கடலைக் கொல்லையில் அது வந்து இறங்கியது. பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடியெல்லாம் வானத்துக்குப் பறந்தது. வாய்க்குள் மண். காது அடைத்துப்போய், சத்தமே இல்லாமல் நைனாவின் வாய் மட்டும் அசைந்தது. அதெல்லாம் நடந்ததா, காய்ச்சல் காட்டியதா?

பள்ளிக்கூடத்தில் சொன்னான். யாரும் நம்பவில்லை, அவனுக்கே 'ஏலிகாப்டர்' என்று பட்டப்பேர் வைத்தார்கள். நைனா இருந்தவரை சாட்சி இருந்தது. இப்போது நைனாவும் இல்லை.

இன்றைக்கு ஒரு ஆளாவது நம்ப வேண்டும். இல்லையென்றால் இனிமேல் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டு ரிமோட்டை எடுத்தான்.

வண்டு மாதிரி ஒரு முனகல். சாக்கு படபடத்தது. அது எழும்பியது.

மேலே போகப் போக அதன் அளவு தெரியாமல் போனது. ராஜகிரிக் கோட்டைக்கு நேராக, வெயில் பட்டு மின்னிக்கொண்டு அசையாமல் நின்றபோது அது முழங்கை நீள மாடல் இல்லை. நிஜமான ஒன்று எங்கோ தூரத்தில் வந்துகொண்டிருந்தது. சிவசங்கருக்கு மறுபடி ஒன்பது வயசு ஆகியிருந்தது. வாய்க்குள் மண் ருசித்தது.

முதுகுக்குப் பின்னால் ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு பொம்பளைக் குரல்.

"ஏண்ணா, எல்லாம் செஞ்சிட்டு கயித்த வுட்டுட்டியே? கதவு மூடலன்னு அந்தப் பட்டாளத்து ஆளு, மாட்டுக் கயிறு போட்டுக் கட்டிக்கினுதான போனாரு?"

சிவசங்கரின் விரல் ரிமோட்டில் பிசகியது. மேலே அது ஒரு குலுங்கு குலுங்கியது.

திரும்பிப் பார்க்க முடியாது. கண்ணை எடுத்தால் விழுந்துவிடும்.

"நீ யாரும்மா?" என்றான், வானத்தைப் பார்த்தபடியே.

"வேலிக்கு அந்தாண்ட ஆடு மேச்சிக்கினு இருந்தேண்ணா. அன்னிக்கு நான் சின்னப் பொண்ணு."

பேட்டரி தீரப்போகிறது என்று ரிமோட் கத்த ஆரம்பித்தது. மெல்ல, மெல்ல, சாக்கின் மேலேயே இறக்கினான். விசிறி நிற்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

திரும்பினான். கரைக்கு அந்தப் பக்கம் ஆட்டுப் புழுதி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறிப் பார்த்தான். பாறையும் முள்ளும்தான்.

நெடுமாறனும் அந்தப் பொம்பளையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் வாயைப் பிளந்து மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா கயிறுடா?" என்று கேட்டான். குரலில் சண்டை இல்லை.

சிவசங்கர் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னான்.

மாட்டை விற்றால்கூடக் கயிற்றைக் கழற்றி வைத்துக்கொள்கிற வீடு அது. கயிறு போனால் மாட்டுப் பட்டியே போய்விடும் என்பார்கள். அந்தக் கயிற்றை, முகம் தெரியாத ஒரு பட்டாளத்துக்காரனுக்கு நைனா அவிழ்த்துக் கொடுத்தார். வீட்டில் தெரிந்தால் ரகளை ஆகும் என்று மகனிடம் தலையில் சத்தியம் வாங்கினார். கயிறு அறுந்துபோனது என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

சிவசங்கர் சத்தியத்தைக் காப்பாற்றினான். கட்டிய பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லை. மாடலிலும் கயிறு வைக்கவில்லை.

 நெடுமாறன் எழுந்துபோய், தன் பைக்கில் சாமான் கட்டுகிற கயிற்றிலிருந்து ஒரு இழையைப் பிரித்து எடுத்து, அந்தக் குட்டிக் கதவில் கட்டினான்.

அந்த நெடுமாறன் நான்தான்.

இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் ஏரிக்குப் போகிறோம். அவன் பறக்கவிடுகிறான். நான் மேலே பார்ப்பதில்லை, கரையைத்தான் பார்க்கிறேன். அந்த அம்மா இன்னும் வரவில்லை. அவருக்கு இப்போது நாற்பத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். வல்லம் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், தயவுசெய்து கீழே ஒரு வரி எழுதுங்கள்.