கோதண்டபாணியின் புங்கங்கன்று

தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

நினைவுத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே அவள்.

தலை முழுக்க வெளுத்திருந்தது. மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் ஒரு பெரியவர், அவளுக்கும் சேர்த்துக் குடை பிடித்தபடி.

லட்சுமிபதிக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தனபாக்கியம். கோதண்டபாணியின் மனைவி.

மனைவியாக இருந்தவள்.

தண்ணீர் அவருடைய பூட்ஸ்மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

வேலூர்ப் பக்கம், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர் அது. எழுபத்தொன்றில் சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக ஊரார் ஒரு கல்தூண் நட்டு, சுற்றிலும் தோட்டம் போட்டார்கள். போகப்போக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சீமைக்கருவேலம் மூடிக்கொண்டது. ஆடு கட்டினார்கள். லாரி நிறுத்தினார்கள். கல்லிலிருந்த பெயர்கள் விரலால் தடவினால்தான் தெரிந்தன.

ஊரிலிருந்த பழைய சிப்பாய்கள்தான் அதை மீட்டார்கள்.

முழங்கால் தேய்ந்தவர், நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர், ஒரு காது கேட்காத பீரங்கிக்காரர். ஞாயிறு தவறாமல் வந்தார்கள். முள் வெட்டினார்கள். பாட்டில் பொறுக்கினார்கள். பெயர்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். மெஸ்ஸில் சமைத்தவர் மூன்று கல்லைக் கூட்டி டீ போட்டார். அந்தப் புகைநாற்ற டீயில் எல்லாருக்கும் வயது குறைந்தது.

யாராவது விளையாட்டாக "ஃபால் இன்!" என்று கத்துவார்கள். சிரித்துக்கொண்டே வரிசையில் போய் நிற்பார்கள்.

நின்றதும் சிரிப்பு அடங்கிவிடும்.

வராமல் போனவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு புங்கங்கன்று வைத்தார்கள். இன்று தோட்டத்தை மறுபடியும் திறக்கிறார்கள். சுபேதார் ஜெயசீலன் பெயர்களை வாசிப்பார். வீட்டார் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும்.

லட்சுமிபதியோடு ஒரே கம்பெனியில் இருந்த கோதண்டபாணி பெயருக்கு வர ஆள் இல்லை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி வீட்டை விற்றுவிட்டு எங்கோ வடக்கே.

தனபாக்கியம் குடியாத்தத்தில் இருப்பது லட்சுமிபதிக்குத் தெரியும். மறுகல்யாணம் ஆகி, பிள்ளை, பேரன் என்று வாழ்கிறவள். அந்தக் கதவைத் தட்டி என்னவென்று கூப்பிடுவது?

"அவனுக்கு நானே ஊத்திட்றேன் சாப்" என்று சுபேதாரிடம் சொல்லியிருந்தார்.

அவளை அவர் அதிகம் பார்த்ததுகூட இல்லை. கல்யாணத்தில் ஒரு தடவை. மணமேடையில் கோதண்டபாணி காதில் என்னவோ சொல்ல, அவள் சிரிப்பை அடக்க முடியாமல் மாலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

அடுத்தது, சண்டை முடிந்து அவனுடைய தகரப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று.

குடைக்காரர்தான் முதலில் பேசினார்.

"உள்ள வரலாங்களா? பேப்பர்ல பாத்தேன். இவ வரமாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் கூட்டிக்கினு வந்தேன்."

அவளுடைய கணவர்.

லட்சுமிபதி கேட்டை அகலத் திறந்தார்.

சுபேதார் வாசிக்கத் தொடங்கினார். ஒரு பெயர். ஒரு மகள் வந்து ஊற்றினாள். அடுத்த பெயர். தடியூன்றி ஓர் அண்ணன் வந்தார்.

"லான்ஸ் நாயக் கோதண்டபாணி."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அசையவில்லை.

கூட்டத்தில் அவளுடைய பழைய ஊர்க்காரர்கள் இருந்தார்கள். ஒன்றிரண்டு தலைகள் திரும்பின.

சுபேதார் லட்சுமிபதியைப் பார்த்தார். அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். அவள் பக்கம் பார்த்து நின்றுவிட்டார்.

அவள் கணவர் குடையை மடக்கினார். வரிசையாக வைத்திருந்த குடங்களில் ஒன்றைத் தூக்கி வந்து அவள் கையில் கொடுத்தார்.

"போ பாக்கியம். நான் இங்கியே இருக்கேன்."

அவள் போனாள்.

மொத்தமாகக் கவிழ்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். குடம் காலியானதும் குந்தி உட்கார்ந்து, வேரைச் சுற்றி ஈரமண்ணை அணைத்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை.

அடுத்த பெயரை வாசிக்காமல் சுபேதார் காத்திருந்தார்.

யாரும் அவசரப்படவில்லை.

ஊதுகொம்பு ஊதி, கொடி ஏற்றி, எல்லாம் முடிந்தது. அவள் மறுபடியும் அந்தக் கன்றிடம் போய்விட்டாள். கணவர் புதிதாக வெள்ளையடித்த சிமென்ட் பெஞ்சில் தனியாக இருந்தார். லட்சுமிபதி அவருக்கு டீ கொண்டுபோனார்.

"அவரு எப்படிங்க இருப்பாரு?"

லட்சுமிபதிக்கு உடனே புரியவில்லை.

"நான் கேட்டதில்ல. அவளும் சொன்னதில்ல" என்றார் கணவர். "கேட்டா அழுவாளோன்னு வுட்டுட்டேன்."

லட்சுமிபதி பக்கத்தில் உட்கார்ந்தார். கோதண்டபாணியைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

"எந்த ஊருக்கு மாத்தினாலும் மொத வேலையா காலி டப்பால கொத்தமல்லி வெதைப்பான். பனி கொட்ற எடத்துலகூட. ராத்திரி ஆனா டப்பாவ கம்பளிக்குள்ள வச்சிக்கினு தூங்குவான். அந்தக் குளுர்ல அதுவும் மொளைச்சிதுங்க! கர்னல் சாபே வந்து ஒரு தழை கேட்டாரு. இவன் அட்டென்ஷன்ல நின்னுக்கினு, 'இன்னும் கொழந்தை சாப், வளரட்டும்'ன்றான்."

கணவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீ வேட்டியில் சிந்தியது. லட்சுமிபதியும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

சத்தம் கேட்டு அவள் வந்தாள். கையெல்லாம் சேறு. ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தாள்.

அவள் கணவர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார். இருவருக்கும் நடுவில் இடம் விட்டார்.

அவள் உட்கார்ந்தாள்.

அவர் லட்சுமிபதியைப் பார்த்தார்.

"மொதல்லேருந்து சொல்லுங்க."