வேர்க்காத கோட்டு

சன்னாசியின் சட்டை நுனியைக் கண்ணாடிக் குழாய்த் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டு, குணசீலன் அதில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டான். தண்ணீர் அரிசி களைந்தது மாதிரி வெளுத்தது.

"உப்பு!" என்று கத்தினார் அவன் அப்பா, தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி திருநாவுக்கரசு. இங்கிலீஷில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை.

பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்கள் அந்த மலாயாத் தோட்டத்து கேட்டில் வரிசையாக நின்றார்கள். காட்டுக்குள் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு இங்கிருந்து உப்பு போகிறதாம். துணியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து உடுத்திக்கொண்டு போய், காட்டோரத்தில் அலசிக் கொடுத்துவிட்டு வருகிறார்களாம்.

உணவுக் கட்டுப்பாட்டு வெள்ளைக்காரத் துரை இதைத் தோட்டத்து ஆபீசில் சொல்லி அலுத்துக்கொண்டபோது, பெரிய கிராணி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் பார்த்த பெரிய வேலை அதுதான்.

"என் மகன் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, சார். கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவான்."

இன்றைக்குச் சோதனை பலித்தால் மகனுக்குக் கவர்ன்மென்ட் கெமிஸ்ட் உத்தியோகத்துக்குத் துரையின் சிபாரிசு. பலிக்காவிட்டால் கிராணி தோட்டத்தில் தலைகாட்ட முடியாது.

சிங்கப்பூர் யூனிவர்சிட்டியிலிருந்து மகன் கொண்டுவந்தது ஒரு பட்டமும் கறுத்துப்போன விரல்களும்தான். வந்து வருஷம் ஒன்று ஓடிவிட்டது. "கெமிஸ்ட்ரின்னா ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வேலைங்களா?" என்று கேட்டவர்களைக் கிராணி முறைத்தார். "ரப்பர் பால்ல ஆசிட் ஊத்துறதா? அத நான் படிக்காமலே ஊத்துறேனே" என்ற சன்னாசிக்கு செக்ரோல் பேரேட்டில் அரைநாள் சம்பளம்தான் போட்டார்.

அடுத்த ஆளின் துணியும் வெளுத்தது. அதற்கடுத்ததும் வெளுத்தது. கங்காணியின் தலைப்பாகை இன்னும் கெட்டியாக வெளுத்தது. காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் விளையாட்டாகத் தன் காக்கிச் சட்டையை நீட்டினான். அதுவும் பால்.

முதலில் குஷியாக இருந்த துரையின் முகம் மெல்ல மெல்லத் தொங்கியது. கடைசியில் கழுத்தைத் துடைத்த தன் கைக்குட்டையையே கொடுத்துப் பார்த்தார்.

மலாயா சர்க்காரும் உப்புக் கடத்துவதாகக் குழாய் சொன்னது.

"வேர்வையிலயும் உப்பு இருக்குப்பா," என்றான் குணசீலன், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் அத யோசிக்கல."

"வாய மூடு," என்றார் அப்பா. உத்தியோகம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. தான் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் நுனியைப் பிடித்து நீட்டினார். "சோதனையில் தப்பில்லை, சார். ஆட்களிடம்தான் தப்பு. என்னைச் சோதித்துப் பாருங்கள்."

இரண்டு சொட்டு. பிறகு மூன்று. குணசீலன் பயத்தில் பாதி பாட்டிலையே கவிழ்த்தான். தண்ணீர் மலைச்சுனை மாதிரி தெளிந்து கிடந்தது.

கிராணி வரிசையை ஒரு சுற்றுப் பார்த்தார். துரை கிராணியைப் பார்த்தார்.

துரையின் யோசனை வேறு தடத்தில் போய்விட்டிருந்தது. தோட்டம் முழுக்க எல்லார் துணியிலும் உப்பு இருக்கிறது. இந்த ஒரு மனுஷன் துணியில் மட்டும் இல்லை. அப்படியானால் அலசியாகிவிட்டது. எங்கே போய் அலசினான்?

கான்ஸ்டபிளின் துப்பாக்கி மெதுவாகத் திரும்பியது. அவசரகாலச் சட்டத்தில் ஆளை உள்ளே தள்ளச் சந்தேகமே போதும். கேஸ் கூட வேண்டாம்.

"சார், எனக்கு வேர்க்கவே வேர்க்காது, சார்!"

துரை நம்பவில்லை. இந்தத் தோட்டத்துக்காக இரவு பகலாய் வேர்வை சிந்தி உழைத்ததாக, சம்பள உயர்வு கேட்கும்போதெல்லாம் எழுதிக் கொடுத்தவர் இதே கிராணிதான். சாட்சி யாராவது உண்டா என்று கேட்டார்.

இப்படி ஒரு வாய்ப்பு வரும் என்று யார் நினைத்தார்கள்? முதல் குரல் வரிசையின் கடைக்கோடியிலிருந்து, வள்ளியம்மாவிடமிருந்து வந்தது.

"சத்தியமா சொல்றேன் தொரை, எங்க பெரிய கிராணி ஐயாவுக்கு வேர்த்து நான் பாத்ததே இல்ல! விட்டுருங்க, பொழுது ஏறுது, நாங்க வேலைக்குப் போவணும்!"

"ஆபீசுல காத்தாடி நின்னா வீட்டுக்குப் போயிருவாரு லா," என்றான் சன்னாசி. "பேனா கீழ விழுந்தா எடுக்கவே ஆள் கூப்புடுவாரு."

பிறகு அவரவருக்குத் தெரிந்ததை அவரவர் சொன்னார்கள். நிறையத் தெரிந்திருந்தது.

துரைக்குத் தமிழ் தெரியாது. தோட்டத்தில் யார் என்ன சொன்னாலும் இங்கிலீஷில் எடுத்துச் சொல்வது பெரிய கிராணியின் வேலை. அத்தனையையும் அவரே சொன்னார். வாழ்நாளில் முதல் தடவையாக எதையும் கூட்டாமல், குறைக்காமல் சொன்னார். பேனாவைச் சொல்லும்போது மட்டும் குரல் தழுதழுத்தது.

மலைக்கு மேலே சூரியன் ஏறியிருந்தது. குணசீலன் அப்பாவின் வேர்வையில் ஊறிய காலரை இழுத்து, குழாயில் நனைத்து, இரண்டு சொட்டு விட்டான்.

பால்.

"டெஸ்ட் சரியாத்தான்பா வேலை செய்யுது."

துரை சிரித்துவிட்டார். பெற்ற அப்பனையே மாட்டிவிடக்கூடிய பையன் சர்க்காருக்குத் தேவை என்று கான்ஸ்டபிளிடம் சொல்லிக்கொண்டே சிபாரிசுக்குச் சம்மதித்தார். மிச்சம் இருப்பவர்களைச் சோதிக்காமலே கேட்டைத் திறக்கச் சொன்னார்.

கிராணி கேட்டுத் தூணில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வரிசை அவரைக் கடந்து போனது. கடைசியாக வள்ளியம்மா போனாள், காட்டோரத்து மர நிரைக்கு. அவள் கைலியும் தலைத்துணியும் அப்பளமாய் விறைத்து, ஒவ்வொரு எட்டுக்கும் மொடமொடத்தன.

கிராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிசி ரேஷனில் கஞ்சி குடிக்கவே காணவில்லை; மரம் வெட்டப் போகிறவளுக்குக் கஞ்சி போட்ட கைலியா?