நூறு குறைகிறது

கடன் அலுவலக வாசல்வரை வந்துவிட்டு எலக்ட்ரீஷியன் மூன்று முறை திரும்பிப் போனான். இன்று வண்டிக் கடனின் கடைசித் தவணை. இதைக் கட்டிவிட்டால் அந்தக் கேஷியரைப் பார்க்க இனி என்ன சாக்கு இருக்கிறது?

பணக்கட்டிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை உருவிச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு உள்ளே போனான்.

பணத்தை எண்ணிய கேஷியர் நிமிர்ந்தாள். "நூறு குறையுதே சார்?"

"அடடா! நாளைக்குக் கொண்டாந்து தரேன் மேடம்."

"எதுக்கு வீணா அலையறீங்க?" கைப்பையிலிருந்து தன் நூறை எடுத்துப் போட்டாள். கையாலேயே ரசீது எழுதினாள். "கடன் முடிஞ்சுது."

முகம் தொங்கிப்போய் வெளியே வந்தவனை வாட்ச்மேன் நிறுத்தினார்.

"ஏன் தம்பி, எல்லாரும் போன்லயே கட்டறாங்க, நீங்க மட்டும் நேர்ல வரீங்க? இந்த கவுன்ட்டரை மூடி எட்டு மாசமாச்சு. மேடம் இப்ப மாடியில ஆபீசர். உங்க தேதிக்கு மட்டும் இறங்கி வந்து உக்காருவாங்க."

"எனக்குத் தெரியாதே!"

"மேடம் சொல்லலையா?"

அவன் ஒரே ஓட்டமாக உள்ளே திரும்பினான். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"மேடம், உங்க நூறை எப்படித் திருப்பித் தரட்டும்?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"தவணையில கொடுங்க. தினமும் சாயங்காலம், நேர்ல."