அக்காவின் கை வலு

கயத்தாறு பொட்டலில் நடந்த கையால் வீசிப் பறக்கவிடும் மாதிரி கிளைடர் போட்டியின் இறுதிச் சுற்றில் சேந்தனும் அவன் அக்கா கனியமுதும்தான் எதிரெதிர். நடுவர் இருவர் கையிலும் உறை மாட்டினார். யார் கைக்கு வலு குறைவோ, அந்த அளவுக்கு மற்றவர் கையையும் உறை அடக்கிவிடும். அதுதான் விதி.

சேந்தன் இறக்கை நுனியைப் பிடித்துச் சுழன்று வீசினான். கிளைடர் பனைமர உயரம்கூட ஏறவில்லை. போன வருடம் இதே அக்காவோடு உறை மாட்டி எறிந்தபோது அண்ணாந்து தேட வேண்டியிருந்தது.

“எனக்கென்னல, நல்லாத்தான் இருக்கேன்” என்று வாராவாரம் போனில் சொல்பவள் இப்போது வேறெங்கோ பார்த்தாள்.

போட்டி முடிந்தும் அவன் உறையைக் கழற்றவில்லை. அந்தக் கையாலேயே, அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் தூக்கினான். முழங்காலுக்கு மேல் எழவில்லை.

“பஸ் ஸ்டாப்புலருந்து இத எப்படிக்கா கொண்டாந்த?”

“எறக்கி வச்சு, எறக்கி வச்சுத்தாம்ல.”