ஒரு குழிக்குக் கேட்ட இடம்

மாலை வெயில் மணலில் சாய்ந்து கிடக்கிறது. வலை காயப்போடும் மேட்டில், கடல் கடந்து வந்த கப்பல்காரர்கள் நேற்றுத் தங்கள் ஆள் ஒருவனைப் புதைத்த இடத்தைச் சுற்றி வேலி அடிக்கிறார்கள். செத்தவனுக்கு இடமில்லை என்று சொல்ல வாய் வராமல் மேட்டைக் காட்டிவிட்டவர், குடிசை வாசலில் உட்கார்ந்திருக்கும் மீனவர்தான். அவர் மனைவி கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு, தைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சுத்தியல் சத்தம் ஓயவில்லை. வேலி குழியைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, அவள் தண்ணீர் இறைக்கும் கிணற்றையும் உள்ளே வளைத்துக்கொண்டு போகிறது. "ஏங்க, செத்தது ஒருத்தன்தானே?" என்கிறாள். "நாய் நரி தோண்டிடுமேன்னு அடிக்கிறாங்க. உனக்கு எதை எடுத்தாலும் சந்தேகம்தான்." "நாய் நரிக்கு இடுப்பு உயரம் போதாதா? இது ஆள் உசரத்துக்கு மேல நிக்குதே." அவர் கடலைப் பார்க்கிறார். பாய் சுருட்டிய கப்பல் அசையாமல் நிற்கிறது. புது மரத்தின் வாசனை காற்றில் வருகிறது. வேலியில் கதவை மாட்டி முடித்த கப்பல் தச்சன் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறான். மீனவர் பதிலுக்குக் கையைத் தூக்குகிறார், அவள் தூக்கவில்லை. தச்சன் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறான். மரத்தில் ஆணி இறங்கும் சத்தம், பிறகு இரும்பு இரும்பில் உரசி விழும் சத்தம் கேட்கிறது. உள்ளிருந்தே கதவை ஆட்டிப் பார்க்கிறான். அசையவில்லை.

"பொணத்துக்கு எதுக்குங்க உள்தாழ்ப்பாள்?"